ஆடித் தள்ளுபடியில் பெல்ட் சாண்டர் கிடைக்கிறது, தாத்தா வீட்டுக் கதவுகளுக்கு வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். மேலூர் பக்கம் தாத்தா கட்டிய வீடு, 70 வருடத்துக்கு மேல் ஆகிறது. தலைவாசலில் இரட்டைக் கதவு, 12 ஜன்னல், திண்ணையில் 4 மரத்தூண், கூடத்தில் ஓர் ஊஞ்சல். எல்லாவற்றின் மேலும் பல கை அடித்த பச்சை பெயின்ட். அதை எடுத்துவிட்டு மரம் தெரியும்படி பாலிஷ் போட வேண்டும். சனி, ஞாயிறுகளில் ஊருக்கு வந்து நீங்களே செய்யப் போகிறீர்கள். மதுரைக் கடை ஒன்றில், மரத்தைத் தேய்க்கும் மெஷினான பெல்ட் சாண்டரை, 9,800 ரூபாய் விலையுள்ளதை, ஆடித் தள்ளுபடியில் 5,600 ரூபாய்க்குத் தருகிறார்கள், வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு, தள்ளுபடி குறைவாகவே கிடைத்தாலும், 5 அங்குல ராண்டம் ஆர்பிட்டல் சாண்டர் வாங்குங்கள். அதையும் இந்த வாரமே வாங்கியாக வேண்டும் என்றில்லை. அதற்கு முன்னால் அந்தப் பச்சை பெயின்ட் இருக்கிறது. அதை எடுப்பது சாண்டர் வேலையே இல்லை.

அப்பா சோழவந்தானில் ஆசாரி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து உளி பிடிக்கப் பழகியவன் நான். இப்போது மதுரையில் பழைய கதவு, ஜன்னல், கட்டில்களைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பெல்ட் சாண்டரும் என்னிடம் இருக்கிறது. அதனால் அது கெட்ட மெஷின் என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டு வேலைக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

பெல்ட் சாண்டரில் இரண்டு உருளைகளைச் சுற்றி உப்புத்தாள் வளையம் ஓடும். நிமிடத்துக்கு 200 மீட்டருக்கு மேல் ஓடுவதே சாதாரணம். மெஷின் 3 கிலோ அளவில் இருக்கும், அந்தக் கனமும் சேர்ந்து மரத்தை அழுத்தும். அறுவை மில்லிலிருந்து வந்த கரடுமுரடான பலகையை மட்டப்படுத்த இதைப்போல் ஒன்று கிடையாது. ஆனால் மெஷின் ஒரே இடத்தில் இரண்டு மூச்சு நின்றால் போதும், அங்கே பள்ளம் விழுந்துவிடும். பகலில் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் போட்ட பிறகு சாயங்கால வெயில் சாய்வாக விழும்போதுதான் கதவு முழுக்க அலை அலையாகத் தெரியும்.

இன்னொன்று, கதவில் நிற்கும் சட்டத்தில் மர ரேகை மேலும் கீழுமாக ஓடும், குறுக்குச் சட்டத்தில் பக்கவாட்டில் ஓடும். இரண்டும் சேருகிற மூலையில் பெல்ட்டை எந்தப் பக்கம் ஓட்டினாலும் ஒரு சட்டத்தில் ரேகைக்குக் குறுக்கே கீறல் விழும். அந்தக் கீறலை எடுக்க நாள் முழுக்கக் கையால் தேய்க்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் 12 ஜன்னல், ஒவ்வொன்றிலும் அப்படி எத்தனை மூலை என்று எண்ணிப் பாருங்கள்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தலைவாசல் நிலையின் மேல்சட்டத்தில் கஜலட்சுமி செதுக்கியிருந்தார்கள். நடுவில் அம்மன், இரண்டு பக்கமும் துதிக்கை தூக்கிய யானைகள். பெயின்ட் தடிப்பில் முகம்கூடத் தெரியாமல் இருந்ததை வெளியே கொண்டுவரத்தான் அந்த வீட்டுப் பையன் ஆசையோடு ஒரு பெல்ட் சாண்டர் வாங்கி வந்திருக்கிறான். ஐந்தே நிமிடம்தான் ஓட்டியிருப்பான். என்னைக் கூப்பிட்டபோது வலது யானையின் துதிக்கையில் விரலை வைத்தால் மடிப்பு மடிப்பாகக் கோடுகள் தட்டுப்பட்டன. இடது யானையில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. அந்த வீட்டு அப்பத்தா நிலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எம் மாமனாரு காரைக்குடியிலருந்து ஆசாரியக் கூட்டியாந்து, ஒரு மாசம் வீட்லயே சோறு போட்டுச் செஞ்ச வேலைய்யா.” என்னால் அந்தத் துதிக்கையைத் திரும்ப வைக்க முடியவில்லை. அதிலிருந்து யார் சாண்டர் வாங்குவது பற்றிக் கேட்டாலும் விலைக்கு முன்னால் எதைத் தேய்க்கப் போகிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

விலைக்கு வருகிறேன். பவர் டூல்ஸ் பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி. விலைக்கு மதுரையில் யாரும் வாங்குவதில்லை. ஆடியில் போனாலும் மாசியில் போனாலும் அதற்குக் கீழேதான் பில் போடுவார்கள். ஆகவே எம்.ஆர்.பி.யிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பது ஒரு கணக்கே இல்லை. அதே மாடலை வேறு இரண்டு கடைகளில் பில்லோடு என்ன விலைக்குத் தருகிறார்கள், ஆன்லைனில் என்ன விலை என்று பாருங்கள். அந்த வித்தியாசம்தான் உண்மையான தள்ளுபடி. பெரும்பாலும் அது சில நூறு ரூபாய்தான் இருக்கும்.

சில மெஷின்களுக்கு நிஜமாகவே விலை இறங்கும். அந்த மாடல் நின்றுபோயிருக்கும், அல்லது அதற்குரிய பெல்ட் சந்தையில் அரிதாகியிருக்கும். பெல்ட்டில் 76க்கு 457, 76க்கு 533, 100க்கு 610 மில்லிமீட்டர் என்று பல அளவு உண்டு, ஒன்று இன்னொன்றில் ஏறாது. மெஷினோடு 10 பெல்ட் இலவசம் என்று சொன்னால் ஒன்றைப் பிரித்து ஒட்டுப்போட்ட இடத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். கடையின் பின்னறையில் இரண்டு மழைக்காலம் கிடந்த பெல்ட்டில் அந்தப் பசை விட்டுப்போயிருக்கும். மெஷினில் மாட்டி ஓட்டிய அரை நிமிடத்தில் பட்டென்று அறுந்து கையில் அடிக்கும்.

இனி பெயின்ட். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

வீட்டுக்கு அடிக்கும் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. அது 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயின்டில் ஈயம் நிறைய இருந்திருக்கலாம். மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற அழுத்தமான நிறங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பிரகாசமான மஞ்சள் நிறத்துக்கு ஈயம் உள்ள லெட் குரோமேட் சேர்ப்பார்கள். அந்த மஞ்சளோடு நீலத்தைக் கலந்தால் பச்சை. உங்கள் கதவில் பல கை பச்சை இருக்கிறது, அடியில் இன்னும் பழைய நிறங்கள் இருக்கும். ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

பெயின்ட் கதவோடு ஒட்டிக்கிடக்கிறவரை பெரிய தொந்தரவில்லை. சாண்டர் வைத்தால் அது மாவிலும் நைசான தூளாகிக் காற்றில் மிதக்கும், தரையில் படியும். தரையில் தவழுகிற குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வயிற்றில் பிள்ளை சுமப்பவர்களுக்கும் ஆபத்து. திருவிழாவுக்கு அக்கா, தங்கச்சி பிள்ளைகளெல்லாம் வந்து தங்கும் வீடு என்று எழுதியிருந்தீர்கள். அந்த வீட்டின் கூடத்தில் பச்சை பெயின்டை மெஷினால் உலரத் தேய்க்காதீர்கள்.

எப்படி எடுப்பது? கதவையும் ஜன்னல் பலகைகளையும் கீலிலிருந்து கழற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோங்கள். கீழே தார்ப்பாய் விரியுங்கள். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை முதல் நிலையில், 350 முதல் 400 டிகிரிக்குள் வைத்து, பெயின்ட் கொப்பளித்துத் தூக்கும்போது பட்டி பிளேடால் வழித்து எடுங்கள். தோசைக்கல்லிலிருந்து தோசையை எடுப்பது போல அடியில் கொடுத்துத் தள்ள வேண்டும், குத்தக் கூடாது. சூட்டை முழுதாக ஏற்றாதீர்கள். 600 டிகிரியை நெருங்கினால் ஈயமே ஆவியாகி மூச்சில் போகும், மரமும் கருகும். கண்ணாடி பக்கத்தில் ஹீட் கன் வேண்டாம், விரிசல் விடும். அங்கே ஜெல் மாதிரியான பெயின்ட் ரிமூவரைப் பூசி ஊறவிட்டுச் சுரண்டுங்கள். அதைத் திறந்தவெளியில், கையுறை போட்டுத்தான் செய்ய வேண்டும். மூடிய அறையில் அதன் நெடி ஆளையே சாய்த்துவிடும்.

நம்மூரில் காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றிப் பெயின்டை உரிப்பவர்களும் உண்டு. வேகமாகத்தான் உரியும். ஆனால் தேக்கு கறுத்துப்போகும், மேல் நார் பஞ்சு மாதிரி எழும்பும், பழைய ஒட்டுகள் விட்டுப்போகும். அப்படிக் கறுத்த கதவுகளை என் பட்டறைக்குக் கொண்டுவந்து “பழைய நிறம் வரணும்ணே” என்று கேட்பார்கள். மேல் மரத்தை இழைத்து எடுக்காமல் அது வராது.

சுரண்டிய பிறகு ரேகைக்குள் நிற்கும் மிச்சப் பச்சையை வாட்டர் பேப்பரும் தண்ணீரும் வைத்து ஈரமாகவே கையால் தேய்த்து எடுங்கள். ஈரத்தில் தூள் பறக்காது. துணி மாஸ்க், கைக்குட்டையெல்லாம் இதற்குப் பயன்படாது. நைசான தூளையும் தடுக்கும் பி100 வடிகட்டி மாட்டிய அரைமுக மாஸ்க் நல்லது, ஆன்லைனில் கிடைக்கிறது. குறைந்தபட்சம் முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95. துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். சோறு சாப்பிடும் முன் கையும் முகமும் கழுவுங்கள். சுரண்டிய சருகைக் கட்டிப் பையில் வையுங்கள், எரிக்கக் கூடாது, கொல்லையில் கொட்டவும் கூடாது. பக்கத்தில் மாடு கட்டியிருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மாடு பழைய பெயின்டை நக்கும், அதனால் ஈய விஷம் ஏறி மாடு சாவது உண்டு.

இன்னொரு சங்கதி, இப்போது ஆடி. அம்மியையே நகர்த்தும் காற்று. சுரண்டும் வேலையைத் திறந்த களத்தில் வைத்தால் தூள் அடுத்த வீட்டுக் கிணற்றில்தான் போய் விழும். காற்று அடங்கிய காலை நேரமாகப் பாருங்கள், கொட்டகையின் காற்றுப் பக்கத்தைத் தார்ப்பாயால் மறைத்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்து மரம் வெளியே வந்த பிறகுதான் சாண்டருக்கு வேலை.

ராண்டம் ஆர்பிட்டல் சாண்டரின் வட்டத் தகடு தானும் சுழலும், மையம் விலகி ஆடவும் செய்யும். இரண்டும் சேர்வதால் ஒரே கீறல் மேல் திரும்பத் திரும்ப ஓடாது. சட்டம் சேரும் மூலையில் ரேகை திரும்பினாலும் கவலையில்லாமல் மேலே ஓட்டலாம். புதிதாகப் பிடிப்பவர் கைக்கு இதைவிடப் பத்திரமான மெஷின் எனக்குத் தெரிந்து இல்லை. 125 மில்லிமீட்டர் தகடு, 250 முதல் 300 வாட், 8 துளை, வெல்க்ரோ பிடிப்பு, தூசிப் பை அல்லது வாக்குவம் குழாய் மாட்டும் வாய், வேகம் கூட்டிக் குறைக்கும் சக்கரம். இவ்வளவு இருந்தால் வீட்டுக்குப் போதும். எடை ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கட்டும், ஜன்னல் நிலையைத் தேய்க்கும்போது தோள் உயரத்தில் பிடிக்க வேண்டியிருக்கும். மக்கிட்டா, போஷ், டிவால்ட் எல்லாவற்றிலும் இந்த வகை உண்டு. பெயரைவிட, தேய்ந்துபோகும் அடித்தகடும் கார்பன் பிரஷும் மதுரையிலேயே கிடைக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள்.

கையில் மிச்சமிருந்தால் சதுரத் தகடு வைத்த சின்ன ஆர்பிட்டல் சாண்டர் ஒன்றும் வாங்கலாம். ஜன்னல் சட்டத்தின் மூலைக்குள் வட்டத் தகடு போகாது, அது போகும். கிராமத்தில் வேலை செய்பவருக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு. முழு உப்புத்தாளை நான்காகக் கிழித்து அதில் மாட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வட்டத் தகட்டில் ஒட்டும் வெல்க்ரோ உப்புத்தாள் வட்டு தீர்ந்துவிட்டால் மேலூரில் எங்கே தேடுவீர்கள்? உப்புத்தாள் எந்த ஹார்டுவேர் கடையிலும் இருக்கும்.

ஆங்கிள் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் மாட்டித் தேய்த்தால் சீக்கிரம் முடியும் என்று யாராவது சொல்வார்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுகிற சாமான் அது, இரும்புக்கு உரியது. தேக்கில் வைத்தால் கரண்டியால் அள்ளியது போல எடுத்துவிடும்.

செலவுக் கணக்கில் பேப்பரை மறக்காதீர்கள். பழைய இரட்டைக் கதவு ஒன்றுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எனக்கு 15 முதல் 20 வட்டு ஆகும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் பேப்பர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 12 ஜன்னலையும் சேர்த்துப் பாருங்கள், மெஷின் விலையில் பாதியைப் பேப்பர் சாப்பிட்டுவிடும். விலை மலிவு என்று பெயர் தெரியாத வட்டுகளை நூறாக வாங்கினால் மணல் உதிர்ந்து அட்டைதான் மிஞ்சும். முதலில் 10 வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு மொத்தமாக வாங்குங்கள்.

கடையில் மெஷினை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு கடை. பெயர்ப்பலகையில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த 110, 120 வோல்ட் மெஷின்களும் மலிவாக வருகின்றன. அமெரிக்காவிலிருந்து மச்சான் கொடுத்துவிட்டதை என் நண்பர் ஒருவர் நேரே நம்ம பிளக்கில் சொருகினார். ஊளையிட்டுக்கொண்டு பத்து நொடி ஓடியது, பிறகு புகை வந்தது. அவ்வளவுதான் அதன் ஆயுள்.

அடுத்து, மெஷினைக் காற்றில் தூக்கிப் பிடித்து ஓடவிடுங்கள். நல்ல மெஷினில் தகடு நடுங்கியபடி மெதுவாகத்தான் சுற்றும். அடியில் ஒரு ரப்பர் வளையம் பிரேக் மாதிரி அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்த வளையம் தேய்ந்திருந்தால் தகடு விசிறி மாதிரி வெறிபிடித்துச் சுற்றும், மரத்தில் வைத்த கணத்தில் கீறி எறியும். காட்சிக்கு வைத்த மெஷின், திரும்பி வந்த மெஷின், பழைய மெஷின் எதுவானாலும் இந்த ஒரு சோதனை நிறையச் சொல்லிவிடும். பிறகு அணைத்துவிட்டுத் தகட்டைக் கையால் ஆட்டுங்கள், லொடலொடவென்று இருந்தால் பேரிங் போய்விட்டது. தகட்டின் வெல்க்ரோவைத் தடவிப் பாருங்கள். கொக்கிகள் உருகி வழவழப்பாக இருந்தால் யாரோ அதை அழுத்தி ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். பக்கத்துக் காற்றுத் துளை வழியாகப் பாருங்கள், சின்னச் சின்ன நீலப் பொறி சகஜம், வளையமாகத் தீப்பொறி சுற்றினால் வேண்டாம்.

திலகர் திடல் ஞாயிறு சந்தையில் பழைய மெஷின் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே நான் உளியும் இழைப்புளியும் வாங்கியிருக்கிறேன், நல்ல பழைய இரும்பு சில நேரம் கிடைக்கும். மோட்டார் உள்ள சாமானை ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் வாங்க மாட்டேன். முதல் மெஷினை பில்லோடு, சீரியல் நம்பர் எழுதி, வாரண்டி எத்தனை மாதம் என்று கேட்டு வாங்குங்கள். சில கம்பெனிகளில் ஆன்லைனில் பதிவு செய்தால்தான் வாரண்டி செல்லும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் கரண்டையும் பாருங்கள். மோட்டார் பம்புகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். கூடத்திலிருந்து கொட்டகைக்கு நீளமாக மெல்லிய ஒயரை இழுத்து அதில் 900 வாட் பெல்ட் சாண்டரை மாட்டினால் மோட்டார் திணறிச் சூடாகும். 300 வாட் சாண்டருக்கு அந்தப் பாடு இல்லை. இருந்தாலும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், மூன்று முள் பிளக், ஒழுங்கான எர்த் வேண்டும். பழைய வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் பார்த்துவிடுங்கள். ஈரமாகத் தேய்க்கும் இடத்தில் மெஷினை ஓட்டவே வேண்டாம்.

ஓட்டும்போது எல்லோரும் செய்கிற தப்பு அழுத்துவது. அழுத்தினால் சீக்கிரம் தேயும் என்று கை நினைக்கும். அழுத்தினால் தகட்டின் சுழற்சி நின்று ஆட்டம் மட்டும்தான் நடக்கும், பன்றிவால் மாதிரி சுருள் சுருளாகக் கீறல் விழும். தகட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்றால் கையைத் தளர்த்துங்கள். மெஷினின் எடையும் கையின் எடையும் போதும். நொடிக்கு ஓர் அங்குலம்தான் நகர்த்த வேண்டும், முதல் நாள் அது ரொம்ப மெதுவாகத் தோன்றும்.

பேப்பரில் 80-ஆம் நம்பர், பிறகு 120, பிறகு 180. நம்பர் ஏற ஏற மணல் நைசாகும். ரொம்பக் கரடாக இருந்தால் மட்டும் 60-இல் தொடங்கலாம். 80-லிருந்து நேரே 180-க்குத் தாவினால் 80 போட்ட கீறல் உள்ளேயே இருக்கும், பாலிஷ் பட்டதும் வெளியே வரும். ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் பென்சிலால் பலகை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்குங்கள், பென்சில் கோடு முழுக்கப் போனால் அந்த நம்பர் முடிந்தது. நடுவில் தூளைத் துடைக்க வேண்டும், பழைய பேப்பரின் ஒரு மணல் கிடந்தால்கூட அடுத்த சுற்றில் கோடு கிழிக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மரத்தோடு மரமாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள், பகலில் ஒளிந்திருந்த கீறலெல்லாம் நிழல் போட்டு நிற்கும். எங்கள் அப்பா சிம்னி விளக்கை வைத்து இப்படித்தான் பார்ப்பார்.

பழைய கதவில் ஆணித் தலைகள் இருக்கும். தேய்க்கும் முன் உள்ளங்கையால் தடவித் தேடி, ஒவ்வொன்றையும் மரத்துக்குள் தட்டி இறக்குங்கள். பித்தளைக் குமிழ்களைக் கழற்ற முடிந்தால் கழற்றி எண் போட்டு வையுங்கள். விளிம்புகளில் மெஷினைச் சாய்க்காதீர்கள், கதவின் கூர்மையான ஓரம் ஒரு தடவை மொண்ணையானால் போனதுதான். தூண்களுக்கு மெஷினே வேண்டாம். எமரி துணியை நீளமாகக் கிழித்துத் தூணைச் சுற்றிப் போட்டு, தயிர் கடைவது போல இரு கையாலும் மாற்றி மாற்றி இழுங்கள். கடைசியில் மட்டும் மேலும் கீழுமாக ரேகையோடு தேய்த்தால் போதும்.

பெயின்ட் போன பிறகு வரும் வெறும் மரத்தூளையும் லேசாக எண்ணாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. எங்கள் தொழிலில் பெரியவர்கள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டே காலம் தள்ளினார்கள், பலருக்குக் கடைசிவரை இருமல் நிற்கவில்லை. மாஸ்க் இல்லாமல் ஒரு ஜன்னல்கூட வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மெஷினைக் கீழே வைத்துக் கையை உதறிக்கொள்ளுங்கள், அதிர்வில் விரல் மரத்துப்போகும்.

கையில் மெஷின் வந்ததும் சுவரையும் தரையையும் தேய்க்க ஆசை வரும். சுண்ணாம்புச் சுவரின் மேல்பூச்சு காகிதத் தடிப்புதான் இருக்கும், அரைத்து அரைத்து வழவழப்பாக்கிய அந்தத் தோலை எடுத்துவிட்டால் உள்ளே சொரசொரப்புத்தான். திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைக் கிட்டப் போய்ப் பார்த்திருந்தால் புரியும், சுண்ணாம்புப் பூச்சு வேலையில் எல்லா அழகும் அந்த மேல்தோலில்தான். சிவப்பு ஆக்சைடு தரைக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதே கதி. நிறம் மேலே சில மில்லிமீட்டர்தான், அதற்குக் கீழே வெறும் சிமென்ட்.

நாள் கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். ஆடி, ஆவணியில் சுரண்டும் வேலை. புரட்டாசியில் சாண்டர். ஐப்பசி, கார்த்திகையில் மழை, மரம் ஈரம் குடித்து ஊதும். அப்போது கதவு நிலையில் இறுக்கும், ஓரத்தைத் தேய்த்துவிடலாம் என்று தோன்றும். தேய்க்காதீர்கள், சித்திரை வெயிலில் சுருங்கும்போது விரல் நுழைகிற சந்து விழும். பாலிஷ் தை, மாசியில் போடுங்கள், காற்றில் ஈரமும் இருக்காது, புழுதியும் குறைவு. போடும் முன் தேக்கை ஒரு தடவை தின்னரில் நனைத்த துணியால் துடைத்து எண்ணெயை எடுத்துவிட்டால் பாலிஷ் நன்றாகப் பிடிக்கும். ஆளி விதை எண்ணெய் போடுவதாக இருந்தால் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயப்போடுங்கள்.

முதல் வேலையைத் தலைவாசலில் தொடங்க வேண்டாம். கொல்லைப்புறத்து ஜன்னல் ஒன்றை எடுத்து, சுரண்டுவதிலிருந்து பாலிஷ்வரை அதில் முடித்துப் பாருங்கள், கை பழகிவிடும். உங்கள் நிலையின் மேல்சட்டத்தில் ஏதாவது செதுக்கியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பெயின்டுக்கு மேலே விரலால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளம் தட்டுப்பட்டால் அங்கே ரிமூவரும், பல் துலக்கும் பிரஷும், மூங்கில் சீவிய குச்சியும் மட்டும்தான். ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.